புதுப்பிப்பு: பீர் காய்ச்ச பையில மேஷ் பண்றதுல எஃபிஷியன்சி ஒருவழியா ஏறிடுச்சு

மேஷ்னா மால்ட்டை (முளைகட்டிக் காயவெச்ச தானியம்) பையில போட்டு சுடுதண்ணில ஊறவெச்சு சர்க்கரையை இறக்குறது. போன தடவை புலம்பியிருந்தேன்ல, 5 கிலோ மால்ட் போட்டும் 22 லிட்டர்ல கிராவிட்டி (சாறோட அடர்த்தி, வெறும் தண்ணின்னா 1.000) 1.042 தாண்டல, எஃபிஷியன்சி, அதாவது மால்ட்லேர்ந்து இறங்க வேண்டிய சர்க்கரைல இறங்குனது, 62 சதவீதம்தான்னு, அதோட அப்டேட் இது. அதே மால்ட், அதே தண்ணி, நேத்து 1.051. கணக்கு போட்டா 75 கிட்ட வருது.

முக்கியமா அரைவைதான். மில் கேப் (அரைக்கிற உருளைகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி) 1.2 மி.மீ.ல இருந்துச்சு, 0.8க்கு இறக்கிட்டேன். பழைய அரைவையைக் கையில அள்ளிப் பார்த்தா முழு மணியா எக்கச்சக்கமா கிடந்துச்சு, அதுலேர்ந்து சர்க்கரை எப்படி இறங்கும்! பையே வடிகட்டிங்கிறதால நைஸா அரைக்கலாம், ஆனா ஒரேடியா மாவாக்கிட்டா பையைத் தூக்குனா சொட்டவே மாட்டேங்குது, அதையும் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அப்புறம் மால்ட்டைக் கொட்டும்போதே கட்டியெல்லாம் உடைச்சுக் கிளறி, 67 டிகிரில ஒரு மணி நேரம், நடுவுல ரெண்டு தடவை கிண்டுனேன், கடைசில கையுறை போட்டு பையை நல்லா முறுக்கிப் பிழிஞ்சதுல மட்டும் ஒரு லிட்டருக்கு மேல வந்துச்சு. பிழிஞ்சா துவர்க்கும்னு பயமுறுத்துனீங்க, வோர்ட்ல (வடிச்ச சர்க்கரைச் சாறுல) ஒண்ணும் தெரியல.

ஒரு வெக்கக்கேடு: போன தடவை வோர்ட் 30 டிகிரில இருக்கும்போதே அளந்துட்டேன், என் ஹைட்ரோமீட்டர் (கிராவிட்டி அளக்கிற கருவி) 20 டிகிரிக்கானது, அதைவிட சூடா இருந்தா குறைச்சுக் காட்டும், அதனால நிஜத்துல அது 1.044 கிட்ட இருந்திருக்கும். அடுத்து மேஷோட pH (அமிலத்தன்மை அளவு) பார்க்கணும், மீட்டர் இன்னும் வாங்கல.