நேரியல் இயற்கணிதத்தைத் தனியாகப் படிக்க எந்தப் புத்தகம்: ஸ்ட்ராங்கா, ஆக்ஸ்லரா, ஹெஃபரானா?

கேள்வி

வணக்கம். நான் இயந்திரப் பொறியியல் படித்து, உற்பத்தித் துறையில் வேலை செய்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் நேர்மாறு அணி, அணியின் தரம், கிராமரின் விதி, காஸ்ஸியன் நீக்கல் முறை ஆகியவற்றைத் தமிழ்வழியில் படித்தேன். கல்லூரி முதலாண்டில் ஐகென் மதிப்புகளும் கேய்லி–ஹாமில்டன் தேற்றமும் பாடமாக இருந்தன. கணக்குகளை இன்றும் போட முடிகிறது. ஆனால், ஓர் அணியின் தரம் 2 என்றால் அந்த அணி உண்மையில் என்ன செய்கிறது என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. எங்கள் பாடங்களும் அதைக் கேட்டதில்லை.

இப்போது தரவுப் பகுப்பாய்வில் பிசிஏ (முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு), எஸ்விடி (சிங்குலர் மதிப்புப் பிரிப்பு) போன்ற முறைகளைப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. கணினி நிரலில் ஒரு வரி எழுதினால் விடை வந்துவிடுகிறது என்பது எனக்குப் போதவில்லை. அடித்தளத்திலிருந்து புரிந்துகொள்ள விரும்புகிறேன். கில்பர்ட் ஸ்ட்ராங், ஷெல்டன் ஆக்ஸ்லர், ஜிம் ஹெஃபரான் ஆகிய மூவரின் புத்தகங்களையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். வகுப்பும் ஆசிரியரும் இல்லாமல், வேலை முடிந்த பிறகு நாள்தோறும் ஒரு மணி நேரம் மட்டும் படிக்கக்கூடிய ஒருவருக்கு இவற்றில் எது ஏற்றது?

மறுமொழி 1

உங்கள் இலக்கு எஸ்விடி என்பதால், ஸ்ட்ராங்கின் ‘இன்ட்ரொடக்‌ஷன் டு லீனியர் ஆல்ஜிப்ரா’ புத்தகத்தில் தொடங்குங்கள் என்பேன். ஆனால் என் சொல்லை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஒரே தேற்றத்தை மூன்று புத்தகங்களிலும் படித்துப் பாருங்கள். எந்த ஆசிரியர் உங்கள் மனம் போகும் வழியில் பேசுகிறார் என்பது தெளிவாகிவிடும். அதற்கு நான் தேர்ந்தெடுப்பது பரிமாணத் தேற்றம். ஒரு நேரியல் உருமாற்றம் பூச்சியத்துக்குக் கொண்டுசெல்லும் வெக்டர்கள் அமைக்கும் உள்வெளியின் பரிமாணத்தையும், அந்த உருமாற்றத்தின் விளைவுகள் அமைக்கும் உள்வெளியின் பரிமாணத்தையும் கூட்டினால், தொடக்க வெளியின் பரிமாணம் கிடைக்கும் என்பதே அது. தரம் பற்றிய உங்கள் கேள்விக்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது.

ஸ்ட்ராங் இதை நீக்கல் முறையின் வழியே காட்டுகிறார். 3 நிரைகளும் 5 நிரல்களும் கொண்ட ஓர் அணியின் தரம் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீக்கல் முடிந்ததும் 2 நிரல்களில் பிவட் (ஒரு நிரையின் பூச்சியமல்லாத முதல் உறுப்பு) இருக்கும். மீதமுள்ள 3 நிரல்களுக்குரிய மாறிகளுக்கு நாம் விரும்பிய மதிப்பைத் தரலாம். அவை ஒவ்வொன்றும் பூச்சியத்தை விடையாகத் தரும் ஒரு வெக்டரை உருவாக்குகின்றன. ஆகவே 2, 3 ஆகியவற்றின் கூடுதல் 5. அத்துடன் அவர் நிறுத்துவதில்லை. நிரைகளின் பக்கமும் இதே எண்ணிக்கையைச் செய்து, நிரை வெளியின் பரிமாணமும் 2, எஞ்சியிருக்கும் நான்காவது உள்வெளியின் பரிமாணம் 1 என்று காட்டி, அந்த நான்கு உள்வெளிகளையும் ஒரே படத்தில் வைக்கிறார். நீங்கள் பள்ளியில் போட்ட அதே காஸ்ஸியன் நீக்கல்தான் இங்கே பொருள் பெறுகிறது என்பதால், உங்களுக்கு இந்த வழி அந்நியமாக இருக்காது.

ஆக்ஸ்லர் அதே தேற்றத்தை அணியே இல்லாமல் நிறுவுகிறார். பூச்சியத்துக்குச் செல்லும் வெக்டர்களின் வெளிக்கு ஒரு பேசிஸ் (அந்த வெளியின் எல்லா வெக்டர்களையும் உருவாக்கும், ஒன்றையொன்று சாராத வெக்டர்களின் தொகுப்பு) எடுத்து, அதை முழு வெளியின் பேசிஸாக விரிவாக்கி, புதிதாகச் சேர்த்த வெக்டர்களின் பிம்பங்கள் விளைவு வெளிக்குப் பேசிஸாக அமைகின்றன என்று நிரூபிக்கிறார். சுருக்கமும் அழகும் கொண்ட நிரூபணம் அது. இப்படிப்பட்ட நிரூபணத்தைப் படிக்கும்போது மகிழ்ச்சி வருகிறதா, மூச்சு முட்டுகிறதா என்பதே உங்கள் தேர்வைத் தீர்மானிக்கட்டும்.

ஹெஃபரான் இவ்விருவருக்கும் நடுவில் நிற்கிறார். காஸ் முறையில் தொடங்கி, ஒவ்வொன்றையும் நிரூபித்தே நகர்கிறார். நிறைய எடுத்துக்காட்டுகளும் தருகிறார். புத்தகம் இணையத்தில் இலவசம், பயிற்சிகள் அனைத்துக்குமான விடைகளும் தனிக்கோப்பாக இலவசம். ஆசிரியர் இல்லாமல் படிப்பவருக்கு இது மிகப் பெரிய உதவி. ஆனால் அதன் மைய ஓட்டம், சதுர அணிகளை எளிய வடிவில் எழுதும் ஜோர்டான் வடிவத்தில் முடிகிறது. எஸ்விடிக்கு நீங்கள் வேறொரு புத்தகத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

மறுமொழி 2

மேலே உள்ள நண்பர் சொல்வதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆனால் ஆக்ஸ்லரை வெறும் அழகுக்காகப் படிக்க வேண்டிய புத்தகமாக விட்டுவிடக் கூடாது. நம் பாடத்திட்டத்தில் ஐகென் மதிப்பு (உருமாற்றம் ஒரு வெக்டரை அதன் மடங்காகவே மாற்றும்போது அந்த மடங்கைச் சொல்லும் எண்) என்றாலே அணிக்கோவையை விரித்துச் சிறப்பியல்புச் சமன்பாட்டைத் தீர்ப்பது என்றாகிவிட்டது. ஐகென் மதிப்பு ஏன் இருந்தே தீர வேண்டும் என்ற கேள்வி அந்தக் கணக்குக்கு அடியில் மறைந்துபோகிறது. ஆக்ஸ்லர் அணிக்கோவையைப் புத்தகத்தின் இறுதிப் பகுதிக்குத் தள்ளிவிட்டு, அதன் துணையின்றியே இதை நிறுவுகிறார். n பரிமாண வெளியில் பூச்சியமல்லாத ஒரு வெக்டரை எடுத்து, அதன் மீது உருமாற்றத்தை மீண்டும் மீண்டும் செலுத்தினால், தொடக்க வெக்டரையும் சேர்த்து n+1 வெக்டர்கள் கிடைக்கும். அவை நேரியல் சார்புடையவையாகத்தான் இருக்க முடியும். அந்தச் சார்பு ஒரு பல்லுறுப்புக் கோவையைத் தருகிறது. கலப்பெண்களில் அது ஒருபடிக் காரணிகளாகப் பிரிகிறது. அக்காரணிகளில் ஏதேனும் ஒன்று ஐகென் மதிப்பைத் தந்தே ஆக வேண்டும். அணிக்கோவையில் மட்டுமே பழகிய ஒருவர் இந்த வாதத்தை முழுமையாகப் பின்தொடர்ந்து முடிக்கும்போது, இந்தப் பாடத்தின் மீது அவருக்கு இருந்த பார்வையே மாறிவிடுகிறது.

எனினும் இதை இரண்டாவது புத்தகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரே இதை இரண்டாவது பாடநெறிக்குரியதாகத்தான் முன்வைக்கிறார். பயிற்சிகளுக்கு விடைகளும் புத்தகத்தில் இல்லை. நான்காம் பதிப்பை இலவசமாகத் தரவிறக்கலாம் என்பதால், முதல் புத்தகத்தைப் படிக்கும்போதே பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வதில் தடையில்லை.

மறுமொழி 3

வாங்கும்போது தலைப்பைக் கவனமாகப் பாருங்கள். ‘லீனியர் ஆல்ஜிப்ரா அண்ட் இட்ஸ் அப்ளிகேஷன்ஸ்’ என்ற பெயரில் ஸ்ட்ராங்குக்கு ஒரு பழைய புத்தகம் உண்டு. அது முதலில் 1976-இல் வந்தது. டேவிட் லே எழுதிய வேறொரு புத்தகத்துக்கும் இதே தலைப்புதான். இங்கே பேசப்படும் ‘இன்ட்ரொடக்‌ஷன்’ இவ்விரண்டும் அல்ல. பழைய ஸ்ட்ராங் தரமான புத்தகமே, ஆனால் தனியாகத் தொடங்குபவருக்குப் புதியதே எளிது.

யாராவது ஹாஃப்மன்–குன்ஸே எழுதிய புத்தகத்தைப் பரிந்துரைத்தால், அது முதுகலைக் கணிதத்துக்கும் நுழைவுத் தேர்வுகளுக்கும் உகந்தது என்பதை நினைவில் வையுங்கள். அது தொடக்கத்திலிருந்தே பொதுவான களங்களின் (மெய்யெண்களைப் போல நான்கு அடிப்படைச் செயல்களும் செய்யக்கூடிய எண் அமைப்புகளின்) மீது பாடத்தைக் கட்டுகிறது. உங்கள் தேவைக்கு மெய்யெண்களும் கலப்பெண்களும் போதும்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்ட்ராங்கில் தொடங்கி, ஆக்ஸ்லரைத் துணைக்கு வைத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன். ஒரே ஓர் ஐயம்: நான் எழுதும் விடையும் நிரூபணமும் சரிதானா என்று சொல்ல ஆள் இல்லாதபோது எப்படிச் சரிபார்ப்பது? எஸ்விடி வரை வந்து சேர்ந்துவிட்டேன் என்பதை எப்படி அறிவது?

மறுமொழி 1-ஐ எழுதியவர்

ஸ்ட்ராங்கின் எம்ஐடி வகுப்புகள் 1999-இல் பதிவு செய்யப்பட்டு, ஓப்பன் கோர்ஸ்வேர் தளத்தில் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே தளத்தில் பயிற்சித் தாள்களும் தேர்வுத் தாள்களும் விடைகளுடன் இருக்கின்றன. விடையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் விடையைத் தாளில் முழு வாக்கியங்களாக எழுதி முடித்துவிடுங்கள். மனத்துக்குள் சரியாகத் தோன்றும் நிரூபணத்தின் ஓட்டை எழுதும்போதுதான் தெரியும். நிரூபணப் பயிற்சி குறைவாக இருக்கிறது என்று தோன்றினால், அந்தந்தத் தலைப்புக்கு ஹெஃபரானின் பயிற்சிகளைச் செய்து அவருடைய விடைகளோடு ஒப்பிடலாம்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு சிறு கணக்கைத் தருகிறேன். முதல் நிரை 7, 5. இரண்டாம் நிரை 1, 5 என்று ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிரை நிரல் மாற்று அணியை இடப்பக்கம் வைத்து, இரண்டையும் பெருக்கினால் ஒரு சமச்சீர் அணி வரும். அதன் ஐகென் மதிப்புகள் 90, 10. அவற்றின் வர்க்கமூலங்கள் மூல அணியின் சிங்குலர் மதிப்புகள். அவற்றின் பெருக்கல் பலன் 30, அதுவே மூல அணியின் அணிக்கோவை. இந்த அணி ஓரலகு வட்டத்தை எந்த நீள்வட்டமாக மாற்றுகிறது, அதன் அச்சுகள் எந்தத் திசையில் உள்ளன, வட்டத்தின் எந்த இரு செங்குத்துத் திசைகள் அந்த அச்சுகளுக்குச் சென்று சேர்கின்றன என்பதைக் கையால் வரைந்து காட்ட முடிந்தால் எஸ்விடி உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு பிசிஏவுக்குப் புதிதாக அதிகம் தேவையில்லை: ஒவ்வொரு நிரலிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்துவிட்டு, அந்தத் தரவு அணிக்கு இதையே செய்கிறீர்கள்.