மேலே அணை, கீழே அளவி: 75 சதவீத நம்பகநீரை எப்படிக் கணக்கிடுவது?

கரைமேடு:
ஆற்றோட்டத்தை அளக்கும் ஒரு அளவி நிலையத்தில் 30 ஆண்டு மாதாந்திர நீரோட்டப் பதிவு இருக்கிறது. 12ஆம் ஆண்டில் மேலே ஒரு அணை வந்தது. இனி இன்னொரு அணையும், ஒரு துணையாற்றில் 200 தடுப்பணைகளும் வரப்போகின்றன. 75 சதவீத நம்பகநீரை (நான்கில் மூன்று ஆண்டுகளிலாவது கிடைக்கும் நீர்) அறிய, 30 ஆண்டின் மொத்த ஓட்டங்களையும் இறங்குவரிசையில் அடுக்கி 23ஆவதை எடுத்துப் புதிய திட்டத்தின் தேவையைக் கழித்தால் போதுமா?

மதகடி:
போதாது. 23ஆவது என்பது சரி (0.75 × (30 + 1) = 23.25). ஆனால் அடுக்கிய எண்கள் ஒரே ஆற்றின் எண்கள் அல்ல. முதல் 11 அணை இல்லாத ஆறு, மீதி அணைக்குக் கீழுள்ள ஆறு. முதலில் இயற்கை ஓட்டத்தை மீட்டெடுங்கள்: அளந்த ஓட்டம் + மேலே எடுத்த நீர் − வயல்களிலிருந்து திரும்பிய நீர் + அணை இருப்பில் ஏறிய அளவு (இறங்கியிருந்தால் கழிக்க) + ஆவியானது. இதை மாதவாரியாகச் செய்யுங்கள். ஆண்டுக் கூட்டலில் கோடைத் தட்டுப்பாடு மழைக்கால வெள்ளத்துக்குள் மறைந்துவிடும்.

பிறகு பழைய அணை, புதிய அணை, தடுப்பணை எல்லாம் முதல் ஆண்டிலிருந்தே இருப்பதாக வைத்து 30 ஆண்டுக்கும் கணக்கை ஓட்டிப் பாருங்கள். பழைய ஆயக்கட்டு (அணையின் பாசன நிலம்) இன்று பாதிதான் பாய்கிறது என்றாலும் முழு உரிமையையும் கழிக்க வேண்டும். கால்வாய் முடிந்ததும் அந்த நீர் போய்விடும்.

ஆவியாதலை விடாதீர்கள். சராசரி நீர்ப்பரப்பு 20 சதுர கி.மீ., தட்டு ஆவிமானி (திறந்த தட்டில் ஆவியாகும் நீரை அளப்பது) காட்டுவது ஆண்டுக்கு 2,500 மி.மீ., அதை நீர்த்தேக்கத்துக்கு மாற்றும் கெழு 0.7 என்றால் 3.5 கோடி கன மீட்டர், அதாவது 1.24 டிஎம்சி (நூறு கோடி கன அடி). நீர் தேங்குமுன் அந்த நிலமும் செடிகொடியும் ஆவியாக்கியதை இதில் கழித்தால்தான் நிகர இழப்பு.

கலிங்கு:
தடுப்பணைதான் பலர் சறுக்கும் இடம். ஒன்று 30,000 கன மீட்டர் என்றால் 200க்கு 60 லட்சம். ஆண்டில் மூன்று முறை நிரம்பினால் 1.8 கோடி. துணையாற்றில் 15 கோடி ஓடும் ஆண்டில் அது 12 சதவீதம். 4 கோடியே ஓடும் வறண்ட ஆண்டில் இரண்டு முறை நிரம்பினாலும் 30 சதவீதம்! முதல் மழையை அவைதான் பிடிக்கும். கீழே வெள்ளம் தலைகாட்டவே தாமதமாகும்.

மதகடி:
ஒரு திருத்தம். கசிந்தது முழுக்க இழப்பில்லை, ஒரு பங்கு அடிநீராகத் திரும்பும். ஆனால் பக்கத்துக் கிணறுகள் இறைத்தால் அதுவும் வராது.

இன்னொன்று: பதிவுக்காலமே ஈரமானதா என்று நீண்டகால மழைப்பதிவோடு ஒப்பிடுங்கள். கொலராடோ ஆற்றில் 1922 ஒப்பந்தம் ஈரமான ஆண்டுகளை நம்பி ஆண்டுக்கு 150 லட்சம் ஏக்கர்-அடியை (ஒரு ஏக்கரில் ஓரடி ஆழ நீர் ஒரு ஏக்கர்-அடி) பங்கிட்டது. 1944இல் மெக்சிகோவுக்கு இன்னும் 15 லட்சம். 2000க்குப் பிந்தைய சராசரி அந்த 150ஐயே எட்டவில்லை. வறண்ட படுகையில் மழை 10 சதவீதம் குறைந்தால் ஓட்டம் 20 முதல் 30 சதவீதம் வரை குறையக்கூடும்.

கரைமேடு:
வயலிலிருந்து திரும்பும் நீருக்கு அளவீடே இல்லையே?

கலிங்கு:
பாய்ச்சிய நீரில் 10 சதவீதம் திரும்புவதாக ஒரு முறை, 30 சதவீதம் திரும்புவதாக ஒரு முறை எனக் கணக்கை இருமுறை போடுங்கள். 75 சதவீத எண் அதிகம் அசையாவிட்டால் விட்டுவிடலாம். அசைந்தால் வடிகால் ஆற்றில் சேருமிடத்துக்கு மேலும் கீழும் பாசன காலத்திலும், மதகு மூடிய பிறகும் ஓட்டத்தை அளந்தாக வேண்டும்.