தோள்வலி: ஆறு வாரமாகியும் கை தூக்க முடியவில்லை

கேள்வி: நோயாளிக்கு 68 வயது, 12 வருடச் சர்க்கரை. வலது தோளில் வலி. தலை சீவ, ஜாக்கெட் போட முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. டைக்ளோஃபெனாக் (வலி மாத்திரை) தினமும் ஓடுகிறது. அடுத்து என்ன?

பதில் 1: முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கச் சொல்லி, முன்கையை நீங்களே வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். நீங்கள் திருப்பியும் நகராவிட்டால் உறைதோள்தான் (தோள்மூட்டு இறுகிப்போவது) முதல் சந்தேகம். சர்க்கரைக்காரர்களிடம் இது சகஜம். தானாகத் தூக்க முடியாமல், நாம் தூக்கினால் மேலே போகிறதென்றால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) கிழிசலை நினைக்க வேண்டும், அதுவும் விழுந்திருந்தால் உடனே ஸ்கேன்.

பதில் 2: முதலில் அந்த டைக்ளோஃபெனாக்கை நிறுத்துங்க! இந்த வயதில் கிட்னி, வயிறு, பிரஷர் மூன்றுக்கும் வம்பு. கல்லீரல் சரியாக இருந்தால் பாராசிட்டமால் 500 மி.கி. இரண்டு மாத்திரை, நாளைக்கு மூன்று வேளைக்கு மேல் வேண்டாம். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி குறையும், ஆனால் சில நாள் சர்க்கரை எகிறும். ஒரு வாரமாவது வீட்டிலேயே அளக்கச் சொல்லுங்கள்.

பதில் 3: பயிற்சியில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டம், 2 நிமிடம், நாளுக்கு மூன்று முறை. வலி பொறுக்கும் அளவே போதும். வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுகும். கையைக் கழுத்தோடு தூளி கட்டி அசைக்காமல் வைப்பதும் அதே கதைதான். ஆறு வாரத்தில் திரும்ப வரச் சொல்லி, கை முதுகில் எதுவரை எட்டுகிறது என்று குறித்து ஒப்பிடுங்கள்.

பதில் 1 (மீண்டும்): காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்கினாலும், நடக்கும்போது மட்டும் வலித்து வியர்த்தாலும் காத்திருக்க வேண்டாம். பின்னதற்குக் காரணம் இதயக் கோளாறாகக்கூட இருக்கலாம்.