3 ஏக்கர் கிணற்றுப் பாசனம்: 2 கறவை மாடு சேர்த்தால் கணக்கு நிற்குமா?

செய்யாறு_3ஏக்கர்:
வணக்கம். திருவண்ணாமலை மாவட்டம், செய்யாறு பக்கம். மொத்தம் 3 ஏக்கர், ஒரு கிணறு. ஒன்றரை ஏக்கரில் சம்பா நெல், ஒரு ஏக்கரில் மல்லாட்டை (நிலக்கடலை), அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது. இரண்டு கலப்பினப் பசுவும் பத்து ஆடும் வாங்கலாம் என்று யோசனை. வைக்கோலும் மல்லாட்டைக் கொடியும் நம்மிடமே இருப்பதால் தீவனச் செலவு இல்லை என்கிறார்கள். உண்மையில் என்ன மிஞ்சும்? வீட்டில் இரண்டு பேர் வேலை செய்ய முடியும்.

கறவைக்கணக்கு:
"தீவனச் செலவு இல்லை" என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் வைக்கோலுக்கும் விலை போடுங்கள். ஆனால் சந்தை விலை வேண்டாம். கட்டுக்கூலி, வண்டி வாடகை கழித்து உங்கள் களத்தில் என்ன கிடைக்குமோ அதைப் போடுங்கள்.

ஒரு மாட்டுக்கு, ஒரு ஈற்றிலிருந்து அடுத்த ஈற்று வரை 14 மாதம், அதாவது 425 நாள். கறவை 300 நாள், சராசரி 8 லிட்டர். கன்றுக்கும் வீட்டுக்கும் போக 2,200 லிட்டர் விற்கும். ஆவின் கொள்முதல் விலை 2023 டிசம்பரில் 38 ரூபாய் ஆனது. கொழுப்பு, எஸ்.என்.எஃப் (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) குறைந்தால் பிடித்தம் உண்டு என்பதால் கைக்கு வருவது 35 என்று வைக்கிறேன். வரவு 77,000.

செலவு: அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலவை) கறவையில் நாளுக்கு 4 கிலோ, வற்றிய நாளில் ஒன்றரை. மொத்தம் சுமார் 1,390 கிலோ, கிலோ 30 ரூபாய் என்றால் 41,700. பசுந்தீவனம் தினம் 25 கிலோ, சொந்த நிலத்தில் தண்ணீர், உரம், வெட்டுக்கூலி சேர்த்து கிலோ 1 ரூபாய் அடக்கம், 10,600. வைக்கோல் தினம் 5 கிலோ, 4 ரூபாய் மேனி 8,500. தாது உப்பு, சினை ஊசி, வைத்தியம், காப்பீடு 5,000. ஆக 65,800. மிச்சம் 11,200.

இதே மாட்டுக்குப் பசுந்தீவனத்தை 3 ரூபாய்க்கும் வைக்கோலை 7 ரூபாய்க்கும் வெளியில் வாங்கினால் 27,600 கூடுதல் செலவு. 16,400 நட்டம். நிலமும் மாடும் சேர்ந்திருப்பதன் லாபம் இந்த இடைவெளிதான், பாலில் தனியாக இல்லை.

11,200-ல் உங்கள் உழைப்புக் கூலி கழிக்கவில்லை. மாட்டின் தேய்மானமும் இருக்கிறது: 60,000-க்கு வாங்கி நான்கு ஈற்றுக்குப் பின் 25,000-க்கு விற்றால் ஈற்றுக்கு 8,750 போகும். கிடேரி (பெண்) கன்று நின்றால் ஓரளவு ஈடாகும். கூலிக்கு ஆள் வைத்தால் இந்தக் கணக்கு நிற்காது. 8 லிட்டருக்குப் பதில் சராசரி 10 லிட்டர் மாடு கிடைத்தால் கூடுதல் தீவனம் போக இன்னும் 13,800 வரும். ஆகவே விலை குறைந்த மாட்டைத் தேடாதீர்கள். வாங்குமுன் தொடர்ந்து மூன்று வேளை கறந்து பாருங்கள்.

தீவனப்புல்:
மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் உங்களிடம் வைக்கோல் போதுமா என்று பாருங்கள். ஏக்கருக்கு 2 டன் விளைந்தாலும் கம்பைன் (அறுவடை இயந்திரம்) அறுவடையில் கால்பங்கு வயலிலேயே போகும். ஒன்றரை ஏக்கருக்கு 2,250 கிலோ. மல்லாட்டைக் கொடி சுமார் 1,000. இரண்டு மாட்டுக்கு வருடம் 3,650 வேண்டும், 400 கிலோ துண்டு விழும். அறுவடை நேரத்திலேயே பக்கத்து வயலில் பேசி வாங்கி வைக்கோல் போர் போட்டுவிடுங்கள். கோடையில் தேடினால் சொன்ன விலைதான்.

சும்மா கிடக்கும் அரை ஏக்கரில் 25 சென்ட்டுக்கு கம்பு நேப்பியர் தீவனப்புல், கோ 4 அல்லது கோ 5 ரகம். இடைவெளி 60-க்கு 50 செ.மீ., சுமார் 3,300 கரணை (நடும் தண்டுத் துண்டு). முதல் வெட்டு 75-80 நாள், பிறகு 45 நாளுக்கு ஒன்று. வேளாண் பல்கலைக்கழகம் ஏக்கருக்கு 150 டன் வரை சொல்கிறது. பாதியை நம்புங்கள், அதுவே தினம் 50 கிலோ. முழு இடத்தையும் ஒரே நாளில் வெட்டாமல் 45 பாத்தியாகப் பிரித்துத் தினம் ஒன்று வெட்டுங்கள். நேப்பியர் மட்டும் போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். 20 கிலோ புல்லுக்கு 5 கிலோ வேலிமசால் (பயறுவகைத் தீவனச் செடி) அல்லது அகத்தி சேருங்கள். வரப்பிலேயே வளரும்.

கொடியை நன்றாக உலர்த்தி மழை படாமல் அடுக்குங்கள். பூசணம் பிடித்ததைப் போடவே கூடாது, அந்த நச்சு பாலுக்கு வரும். நல்ல கொடி தினம் 2 கிலோ போட்டால் அரைக் கிலோ அடர்தீவனம் குறைக்கலாம்.

வெறும் வைக்கோலுக்கு யூரியா ஊட்டம் செய்யலாம்: 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீரில் முழுதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் 21 நாள் மூடுங்கள். எடுத்ததும் ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். 6 மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம்.

மண்ணும்எருவும்:
எருவை யாரும் சொல்லவில்லை. இரண்டு மாட்டில் 425 நாளில் மக்கிய எரு சுமார் 5 டன். உரச்சத்தை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரு டன்னில் தழைச்சத்து 5 கிலோ, மணி 2, சாம்பல் 5. யூரியா மூட்டை 266 ரூபாய் என்பதால் தழைச்சத்து 65 ரூபாய்தான். டி.ஏ.பி. உரம் மூட்டை 1,350, பொட்டாஷ் 1,500 என்று வைத்தால் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சேர்ந்து 350. ஆக டன் 420. மண்ணின் ஈரப்பிடிப்பும் நுண்ணூட்டமும் இந்த விலையில் வராது, கிணறு குறையும் வருடத்தில்தான் தெரியும்.

கோமியத்தை வீணாக்காதீர்கள். தரையைச் சாய்வாகப் போட்டு வாய்க்கால் வழியே நேப்பியருக்கு விடுங்கள். மக்காத எருவை மல்லாட்டைக் காட்டில் கொட்டினால் வேர்ப்புழு பெருகும். நெல்லில் கொட்டினால் பயிர் வெளுக்கும். ஏக்கருக்கு 5 டன் என்பதால் வருடம் ஒரு துண்டு நிலத்துக்கு முறைவைத்துப் போடுங்கள்.

செய்யாறு_3ஏக்கர்:
மிக்க நன்றி ஐயா. ஆடு?

கறவைக்கணக்கு:
முதல் வருடம் வேண்டாம். பத்து ஆட்டுக்குத் தினம் 40 கிலோ தழை வேண்டும், மேய்க்க ஒரு ஆள் நாள் முழுக்கப் போவார். எரு போதாத வயலுக்கு அறுவடை முடிந்ததும் பிறர் மந்தையை இரவில் வயலில் அடைத்து ஆட்டுக்கிடை மடக்குங்கள், வண்டிக்கூலி மிச்சம்.

இரண்டு மாட்டையும் ஒன்றாக வாங்காதீர்கள். ஒன்றை இப்போதும் மற்றதை ஆறு மாதம் கழித்தும் வாங்கினால் இரண்டும் சேர்ந்து வற்றாது. ஈன்ற 60 நாளுக்குப் பின் காலையும் மாலையும் சினைப் பருவம் பாருங்கள். ஒரு பருவம் தவறினால் 21 நாள், வற்றிய மாட்டுக்கு நாள் 90 ரூபாய் வீதம் 1,900 ரூபாய் தீவனம் வீண்.