ஜெபிக்கவே வரல, என் விசுவாசம் போயிடுச்சா?

கேள்வி: மல்லிகைப்பூ

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன வருஷம் அம்மா கேன்சர்ல தவறிட்டாங்க. சபையே உபவாசம் இருந்து ஜெபிச்சுது, நானும் கண்டிப்பா சுகம் கிடைக்கும்னு முழுசா நம்புனேன். அதுக்கப்புறம் முழங்கால் போட்டா வார்த்தையே வர மாட்டேங்குது, பைபிள தொறந்தா ஒரே பக்கத்த திருப்பித் திருப்பி பாத்துட்டு மூடி வச்சிடுறேன். ஆராதனைக்கு போறேன், சண்டே ஸ்கூல் கிளாஸ் எடுக்குறேன், ஆனா பிள்ளைங்ககிட்ட இயேசு எப்பவும் நம்ம கூட இருக்கார்னு சொல்றப்ப பொய் சொல்ற மாதிரியே இருக்கு. ஜெபக்குழுல ஒருத்தங்க மறைவான பாவம் ஏதோ இருக்கும், ஆராய்ஞ்சு பாருன்னாங்க. அன்னைல இருந்து தூக்கமும் போச்சு, சாப்பாடும் இறங்கல. இதுதான் பின்மாற்றமா, விசுவாசத்த விட்டு விலகிப் போறதா? கிளாஸ விட்டுடவா?

பதில்: ஜெபவீரன்

சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க, ஆராய்ஞ்சு பாக்குறதுல நஷ்டம் இல்ல. தாவீதே என்னை சோதிச்சுப் பாரும்னு கேட்டவர்தான். 3 நாள் உபவாசம் எடுத்து காத்திருங்க, தடை உடையும்.

பதில்: பொருநை

பிரதர், உங்க எண்ணம் நல்லதுதான், ஆனா தாயை அடக்கம் பண்ணிட்டு வந்த பிள்ளைகிட்ட முதல்ல சொல்ற வார்த்தை இதுவா இருக்கக்கூடாது. வேதத்துல பிள்ளைங்களையும் சொத்தையும் இழந்து உக்காந்திருந்த யோபுகிட்ட அவர் சிநேகிதருங்க பேசுனது இதேதான், நீ பாவம் பண்ணிருப்பன்னு. கடைசியில தேவன் கோபப்பட்டது அவங்க மேலதான்.

தங்கச்சி, அதோனிராம் ஜட்சன் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, பர்மாவுக்கு போன மிஷனரி. 1813ல ரங்கூன்ல இறங்குனார், முதல் ஆள் ஞானஸ்நானம் எடுத்தது 1819ல. அப்புறம் பர்மாவுக்கும் இங்கிலாந்துக்கும் யுத்தம் வந்து கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் சிறை, கால்ல விலங்கு. வெளிய வந்த கொஞ்ச நாள்ல, 1826ல, மனைவி ஆன் இறந்துட்டாங்க, ஆறு மாசத்துல ரெண்டு வயசு மகளும் போயிடுச்சு. சபைகள்ல மிஷனரி கதை சொல்றவங்க பெரும்பாலும் இதோட நிறுத்திட்டு நேரா வெற்றிக்கு தாவிடுவாங்க, அதுல எனக்கு ரொம்ப வருத்தம். ஏன்னா அதுக்கப்புறம் அவர் ஆளுங்கள விட்டு விலகி காட்டுல ஒரு குடிசை போட்டு இருந்தார், தனக்குன்னு ஒரு குழிய வெட்டி அது பக்கத்துல போய் உக்காந்திருந்தார். தேவனை நம்புறேன், ஆனா அவரை கண்டுபிடிக்க முடியலங்கிற அர்த்தத்துல எழுதியும் வச்சிருக்கார். மிஷனரி எழுதுனது இது! அந்த இருட்டு ஒரே ராத்திரில விலகல, கொஞ்சம் கொஞ்சமாத்தான் எழுந்து வந்தார், மொழிபெயர்ப்பு வேலைய திரும்ப கையில எடுத்தார், 1834ல பர்மிய வேதாகமத்த முழுசா முடிச்சார். அவரை பின்மாற்றக்காரர்னு யாராவது சொல்வாங்களா?

பதில்: வேளாங்கண்ணி_பக்தை

நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்), இருந்தாலும் சொல்லணும்னு தோணுச்சு. அன்னை தெரசாவோட கடிதங்கள் 2007ல வெளிய வந்தப்ப எங்க பங்குல நிறைய பேருக்கு அதிர்ச்சி. கல்கத்தா தெருவுல வேலைய ஆரம்பிச்ச காலத்துல இருந்து கிட்டத்தட்ட சாகுற வரைக்கும், நடுவுல கொஞ்ச காலம் தவிர, உள்ளுக்குள்ள வெறும் இருட்டுதான்னு எழுதியிருந்தாங்க. கூட இருந்த கன்னியாஸ்திரிங்களுக்கே தெரியாது, அவங்களோட ஆன்ம குருக்களுக்கு மட்டும்தான் தெரியும். பூசையையும் விடல, சாகக்கிடந்தவங்கள தூக்கிட்டு வர்றதையும் விடல. அப்படிப்பட்டவங்களத்தான் 2016ல புனிதர்னு அறிவிச்சாங்க. ஒண்ணும் உணரலன்னா விசுவாசம் இல்லன்னு அர்த்தம் இல்ல ம்மா.

பதில்: நர்ஸ்_அக்கா

யாரும் தூக்கத்த பத்தி பேசலையே. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடிக்கு கீழ படுத்துக்கிட்டு "போதும் கர்த்தாவே"ன்னு சாகக் கேட்டப்ப, தூதன் வந்து பிரசங்கமா பண்ணான்? சுட்ட அடையும் தண்ணியும் வச்சு எழுப்பி சாப்பிட வச்சான், அவர் திரும்ப படுத்து தூங்குனார், மறுபடி எழுப்பி சாப்பிட வச்சான், ஓரேப் மலைக்கு நடந்து போனதெல்லாம் அதுக்கப்புறம்தான். அதனால இப்ப உபவாசம் வேண்டாம், ஏற்கனவே சாப்பிடாம இருக்கீங்க. இவ்வளவு நாளா தூக்கமும் பசியும் இல்லன்னா டாக்டர பாக்கணும், அது அவிசுவாசம் கிடையாது. ஸ்பர்ஜன் எவ்வளவு பெரிய பிரசங்கியார், அவருக்கும் வாழ்க்கை முழுக்க மனச்சோர்வு இருந்துச்சு, அத மேடையில இருந்தே ஒளிக்காம பேசுனார்.

பதில்: மல்லிகைப்பூ

படிச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன், அம்மா போனதுக்கப்புறம் இப்படி அழவே இல்ல. ஆனா ஜெபத்துல வார்த்தை வராதப்ப என்ன பண்றது? சும்மா உக்காந்திருந்தா ஜெபமா?

பதில்: பொருநை

ஆமா தங்கச்சி, அதுவும் ஜெபம்தான், வாக்குக்கடங்காத பெருமூச்சோட ஆவியானவர் நமக்காக வேண்டுறார்னு ரோமர் 8ல இருக்கே. சொந்த வார்த்தை வரலன்னா 88ம் சங்கீதத்த எடுத்து வாசிங்க. மத்த புலம்பல் சங்கீதமெல்லாம் பெரும்பாலும் துதியில வந்து முடியும், இது இருட்டுலயே முடிஞ்சிடும், அதையும் வேதத்துல வச்சிருக்காங்க. தேவன்கிட்ட கோபம் இருந்தா அதையும் அவர்கிட்டயே சொல்லுங்க. கிளாஸ விட வேண்டாம், ஆனா ரெண்டு மூணு மாசத்துக்கு கூட ஒரு டீச்சர போட்டுத் தர சொல்லி பாஸ்டர்கிட்ட கேளுங்க. பிள்ளைங்க கேட்டா எனக்கு அம்மா ஞாபகமா இருக்குன்னே சொல்லலாம், இயேசுவும் லாசரு கல்லறைகிட்ட அழுதவர்தானே.

பதில்: நர்ஸ்_அக்கா

முதல்ல டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போடும்மா. தனியா போக கஷ்டமா இருந்தா சபையில உனக்கு நம்பிக்கையான ஒரு அக்காவ கூட்டிட்டு போ. செத்துடலாம்ங்கிற மாதிரி நினைப்பு வந்தா அத டாக்டர்கிட்டயும் வீட்டுலயும் மறைக்கவே கூடாது, அன்னைக்கே சொல்லிடணும். போயிட்டு வந்து இங்க ஒரு வரி போடு.