அமெச்சூர் நடிகருக்குப் 'பயில்முறை' பொருந்துமா?

நண்பர்களே,

அமெச்சூர் நடிகர், அதாவது பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காக நடிப்பவர். அவருக்குத் தமிழில் 'பயில்முறை நடிகர்' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டது, அப்படியே விட்டுவிடலாம் என்கிறீர்கள். பொதுவாக நானும் அந்தக் கட்சிதான். ஆனால் வெள்ளைக்காரன் காலத்து நாடகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தச் சொல் தலைகீழாக நிற்கிறது.

1918இல் மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய குழுவைப் பாருங்கள். பையன்கள் அங்கேயே தங்கி, வாத்தியார் முன்னால் பாட்டும் வசனமும் உருப்போட்டார்கள். பயின்றவர்கள் என்றால் அவர்கள்தான். அவர்களோ தொழில்முறை! இந்தப் பக்கம், 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் தொடங்கிய சுகுண விலாச சபை. பம்மல் வக்கீல், பின்னாளில் நீதிபதி. அரசியல்வாதி சத்தியமூர்த்திகூட அங்கே வேஷம் கட்டியவர். பெண் வேஷமும் ஆண்களே போட்டார்கள். மேடை இவர்களுக்குப் பிழைப்பல்ல. அதில்தான் மரியாதையே இருந்தது. 'கூத்தாடி' என்பது வசவாக இருந்த காலத்தில் 'அமெச்சூர்' கௌரவப் பட்டம். இன்று 'அமெச்சூர்த்தனம்' என்றால் திட்டு. 'பயில்முறை' அந்தத் திட்டின் பக்கமே சாய்கிறது. கொஞ்சம் கற்றுக்குட்டி வாடை அடிக்கிறது.

சரி, வேறென்ன வைப்பது? அந்தக் காலச் சொற்களையே எடுத்து அமெச்சூருக்கு 'சபை நடிகர்', தொழில்முறைக்கு 'கம்பெனி நடிகர்' என்று பிரித்துப் பார்த்தேன். நிற்கவில்லை. தொழில்முறையான சுவாமிகளின் குழுவுக்குப் பெயரே 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'. 'தொழில்சாரா நடிகர்' தப்பில்லை, ஆனால் ஒருவரிடம் இல்லாததைச் சொல்லி அவரை அறிமுகப்படுத்துவது எனக்கு ஒட்டவில்லை.

அமெச்சூர் என்ற பிரெஞ்சுச் சொல்லின் வேரில் இருப்பது நேசம். விழைதல் என்றால் விரும்புதல். அதனால் முதலில் 'விழைநடிகர்' என்று எழுதி வீட்டில் காட்டினேன். "யாரு, சான்ஸ் தேடி அலையறவரா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அப்புறம்தான் 'விழைமுறை நடிகர்' தோன்றியது. அந்தக் குழப்பமும் இல்லை, 'தொழில்முறை'க்கு ஜோடியாகவும் அமைகிறது. 'பயில்முறை' போலவே இதுவும் வினையடியோடு 'முறை' சேர்ந்ததுதான். இலக்கணக்காரர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "சுகுண விலாச சபையின் விழைமுறை நடிகர்கள் பகலில் கோர்ட்டுக்குப் போனார்கள், மாலையில் ஒத்திகைக்கு வந்தார்கள்." என் காதுக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு?

அமெச்சூர் கபடிக்கும் இதையே போடலாமா என்று மட்டும் இப்போதைக்குக் கேட்காதீர்கள். அது தனி வழக்கு.