டிராக்டர் விபத்து: "குடித்திருந்தான்" என்கிறது ஊர், என்ன செய்வது?

கேள்வி:
குடியாத்தம் பக்கம் கிராமம். நேற்று மாலை டிராக்டரில் அடிபட்டு ஒரு சிறுவன் இறந்துவிட்டான். ஓட்டியவருக்குக் குடிப்பழக்கமே இல்லை. ஆனால் "போதையில ஏத்திட்டான்" என்று வாட்ஸ்அப்பில் பரவுகிறது. பஞ்சாயத்தில் தப்பை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடு, பணம் கட்டு என்கிறார்கள். வழி சொல்லுங்கண்ணா.

பதில் 1:
நேற்றே போலீஸ் ரத்தம் எடுத்ததா, தம்பி? வண்டி ஓட்டுபவருக்கு மது வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.தான். அந்த அளவு மணிக்குச் சுமார் 15 மி.கி. இறங்கிவிடும், இன்று எடுத்தால் எதையும் நிரூபிக்காது. எடுக்கவில்லையென்றால் டீக்கடை, பங்க் கேமராதான் சாட்சி. பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும், இன்றே காப்பி எடுங்கள். அந்தக் காப்பி கோர்ட்டில் செல்ல, புதிய சாட்சியச் சட்டம் (பி.எஸ்.ஏ.) 63-ஆம் பிரிவுச் சான்றும் வேண்டும்.

பதில் 2:
கையெழுத்து மட்டும் போடவே கூடாது. அந்தத் தாள் நாளை அவருக்கு எதிராகவே வரும். கவனக்குறைவால் மரணம் என்றால் புதிய குற்றவியல் சட்டம் பி.என்.எஸ். 106(1): 5 ஆண்டு வரை தண்டனை, ஆனால் ஜாமீன் உண்டு. பஞ்சாயத்துப் பணத்தால் வழக்கு முடியாது. இழப்பீட்டை விபத்துத் தீர்ப்பாயம் முடிவு செய்யும். இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கட்டும். மிரட்டினால் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். இலவச வக்கீலுக்கு 15100.

பதில் 3:
வண்டியைக் கழுவாதீர்கள், ரிப்பேர் பார்க்காதீர்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக் பார்ப்பார். டிராக்டரில் இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் பெடல். இரண்டு பெடலையும் சேர்க்கும் கொக்கியை உழவுக்காகக் கழற்றிவிட்டு ரோட்டில் மாட்டாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கொக்கி இருந்த நிலையை அப்படியே போட்டோ எடுங்கள். பிள்ளையை இழந்த வீட்டாரிடம் இப்போது வாதாடப் போகாதீர்கள், பாவம்.